வாகா வாகாவில் பிறந்த கேள்விகள்

விசிட்டிங் கார்டு அளவுள்ள ஒரு அட்டை. இரண்டு பக்கமும் கேள்விகள். ஒரு பக்கத்தில் இருப்பவை தப்பு செய்தவரிடம் கேட்க வேண்டியவை: என்ன நடந்தது, அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது, பிறகு நினைத்துப் பார்த்ததில் என்ன தோன்றியது, இதனால் யார் யார் அடிபட்டார்கள், இனி இதைச் சரிசெய்ய என்ன செய்யலாம். புரட்டினால் அடிபட்டவருக்கானவை: விஷயம் தெரிந்ததும் எப்படி இருந்தது, உங்களுக்கும் உங்களைச் சேர்ந்தவர்களுக்கும் இதனால் என்ன ஆனது, இதில் தாங்க முடியாததாக இருந்தது எது, என்ன நடந்தால் சரியாகும். இங்கிலாந்துக் காவலர், அமெரிக்கப் பள்ளி ஆசிரியர், கனடாவின் சிற்றூர்த் தன்னார்வலர் என்று பல நாட்டுச் சட்டைப்பைகளுக்குள் இந்த அட்டை போய்ச் சேர்ந்திருக்கிறது. மறுசீரமைப்பு நீதி என்று சொல்லப்படும் முறையைக் கற்க வருபவருக்கு முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான்.

அட்டையில் இருப்பதைவிட இல்லாதவற்றைப் பார்த்தால் எழுதியவரின் அனுபவம் தெரியும். 'ஏன் செய்தாய்?' என்ற கேள்வி இல்லை. பதினைந்து வயதுப் பையனிடம் ஏன் என்று கேட்டால் 'தெரியல' என்பான்; கொஞ்சம் விவரமானவனாக இருந்தால் ஒரு சாக்கு சொல்வான். அதற்குப் பிறகு பேச்சு முழுக்க அந்தச் சாக்கைப் பற்றியதாகிவிடும். 'மன்னிப்புக் கேள்' என்பதும் இல்லை. கேட்கச் சொல்லி வாங்கும் மன்னிப்பு எவ்வளவு தேறும் என்பது பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ஆலமரத்தடியும் நாட்டாமையும் நினைவுக்கு வரும். அந்த நினைப்பை இங்கேயே ஒதுக்கிவிடுவது நல்லது. நாட்டாமை தீர்ப்புச் சொல்கிறவர். அவர் சாதியும் நிலமும் அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் நிற்கும். இந்த அட்டையைப் பிடித்திருப்பவருக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை கிடையாது. யோசனை சொல்லக்கூட உரிமை கிடையாது. கேட்பதும் கேட்டுக்கொண்டிருப்பதும்தான் வேலை. அந்த வேலை ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதுதான் இந்த அட்டை போன ஊர்களிலெல்லாம் திரும்பத் திரும்பத் தெரியவந்தது.

அட்டையின் மூதாதை ஒரு கேள்வி வரிசை அல்ல, ஒரு சட்டம். 1980களில் நியூசிலாந்தின் மாவோரி மக்கள் நெடுங்காலக் குறை ஒன்றை உரக்கச் சொல்லத் தொடங்கினார்கள். தங்கள் பிள்ளைகள் ஏதாவது வம்பில் மாட்டினால் அரசாங்கம் அவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிகளில் அடைக்கிறது. அந்தப் பிள்ளையைச் சுற்றி இருக்கும் பாட்டி, பெரியப்பா, சித்தி யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஜான் ராங்கிஹாவ் என்ற மாவோரி அறிஞர் தலைமையில் அமைந்த குழு, அரசின் நலத்துறை இயங்கும் விதத்திலேயே இனப் பாகுபாடு ஊறியிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1989-ல் குழந்தைகள், இளையோர், அவர்தம் குடும்பங்கள் பற்றிய சட்டம் வந்தது. கொலை போன்ற உயிர்ப்பலிக் குற்றங்கள் நீங்கலாக, இளையோர் நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில் பையன் குற்றத்தை மறுக்கவில்லை என்றால் குடும்பக் கூட்டம் ஒன்று கூட்டியாக வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

அந்தக் கூட்டத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் உண்டு. எங்கே கூடுவது, யாரெல்லாம் வரவேண்டும், பிரார்த்தனையோடு தொடங்குவதா என்பதையெல்லாம் அவர் குடும்பத்திடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். விரும்பினால் மராயே எனப்படும் மாவோரிச் சமூகக் கூடத்தில் கூடலாம். போலீஸ்காரர் நடந்ததை வாசிப்பார். பொருளைப் பறிகொடுத்தவரோ அடி வாங்கியவரோ வந்திருந்தால் பேசுவார். அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். அதிகாரிகளும் பாதிக்கப்பட்டவரும் எழுந்து வெளியே போய்விட, குடும்பம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசும். அழுகையோ திட்டோ, அது அவர்கள் பாடு. பேசி முடித்து, இன்ன இன்னது செய்கிறோம் என்று ஒரு திட்டத்தோடு கூப்பிடுவார்கள். அந்த மூடிய கதவைச் சட்டமே உறுதி செய்தது.

தாஸ்மன் கடலைத் தாண்டும்போது அந்தக் கதவு காணாமல் போனது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் காவல்துறையில் இளையோர் விவகார ஆலோசகராக இருந்த ஜான் மெக்டொனால்ட் நியூசிலாந்துக்குப் போய் இந்தக் கூட்டங்களைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்தார். சிட்னியிலிருந்து ஏறக்குறைய 450 கிலோமீட்டர் உள்ளே, மரம்பிட்ஜி ஆற்றங்கரையில், விராஜுரிப் பழங்குடிகளின் மண்ணில் இருக்கும் வாகா வாகா என்ற ஊரில் 1991-ல் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. பொறுப்பு டெரி ஓ'கானல் என்ற சார்ஜண்டுடையது. அதுவரை சின்னக் குற்றம் செய்த பையனை எச்சரிப்பது என்றால் வழக்கம் வேறு. ஸ்டேஷனுக்கு அம்மா அப்பாவோடு வரச்சொல்லி, அதிகாரி நன்றாக ஒரு பாட்டம் திட்டி அனுப்புவார். பையன் தலையைக் குனிந்து நின்று, வெளியே வந்ததும் சிரித்துவிட்டுப் போவான். சைக்கிளைத் தொலைத்தவருக்கோ ஜன்னல் கண்ணாடி உடைந்தவருக்கோ என்ன நடந்தது என்றே தெரியாது.

ஓ'கானல் செய்த மாற்றம் நாற்காலிகளில் தொடங்கியது. மேசையை அகற்றிவிட்டு, வட்டமாக எல்லோரையும் உட்கார வைத்தார். பையன், அவன் வீட்டார், அவனுக்கு வேண்டிய ஒரு ஆசிரியரோ விளையாட்டுப் பயிற்சியாளரோ. எதிரே பாதிக்கப்பட்டவர், அவருக்குத் துணையாக வந்தவர்கள். நடத்துவது சார்ஜண்ட். நியூசிலாந்துச் சட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் போலீஸ் அல்ல. இங்கே நடத்துபவரே போலீஸ். அங்கே குடும்பம் தனியாகப் பேசும். இங்கே கடைசிவரை எல்லோரும் ஒரே வட்டத்தில். இதைக் குறை என்று சொல்லலாம், பிற்பாடு சொன்னவர்களும் உண்டு. ஆனால் இந்த வட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்த இடம் மூல வடிவத்தில் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு கோட்பாடும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கான்பெராவில் இருந்த குற்றவியல் அறிஞர் ஜான் பிரெய்த்வெய்ட் 1989-ல் வெளியிட்ட நூலில், அவமானத்தில் இரண்டு வகை உண்டு என்று எழுதியிருந்தார். முத்திரை குத்தி ஒருவனை ஊரிலிருந்து தள்ளிவைக்கும் அவமானம் ஒன்று. செய்ததைக் கண்டித்துவிட்டு ஆளைக் கைவிடாமல் சேர்த்துக்கொள்ளும் அவமானம் மற்றொன்று. முதலாவது குற்றத்தை வளர்க்கும், இரண்டாவது குறைக்கும் என்பது அவர் வாதம். வாகா வாகாவின் சார்ஜண்டுகள் புத்தகத்தைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கவில்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போது புத்தகம் வந்து பொருந்திக்கொண்டது. சமூக அறிவியலில் இப்படித் தலைகீழாக நடப்பது அரிதல்ல.

கேள்விகள் அந்த வட்டத்தில்தான் வரிசைக்கு வந்தன. பிற்காலத்தில் அச்சான நடைமுறைத் தாளைப் பார்த்தால் ஒவ்வொரு அடியிலும் ஒரு காரணம் தெரிகிறது. கூட்டத்தைத் தொடங்கும்போதே, இவன் நல்லவனா கெட்டவனா என்று முடிவு செய்ய நாம் வரவில்லை, இவன் செய்ததால் யாருக்கு என்ன ஆனது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று நடத்துபவர் சொல்லிவிட வேண்டும். தவறு செய்தவர் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், போனால் வழக்கு வழக்கமான வழியில் போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு முதலில் பேசுகிறவர் தவறு செய்தவர். இது பலருக்கு உறுத்தும். பாதிக்கப்பட்டவரைக் காக்க வைப்பதா? காரணம் இருக்கிறது. பையன் தன் வாயால் 'நான்தான் எடுத்தேன்' என்று சொல்லாதவரை எதிரே இருப்பவருக்குப் பயமும் சந்தேகமும் போகாது. சொல்லிவிட்டால் அவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, பட்டதைச் சொன்னால் போதும். அதன் பிறகு பாதிக்கப்பட்டவர், அவருடைய ஆட்கள், கடைசியாகப் பையனின் வீட்டார். அம்மாவை முன்னாடியே பேசவிட்டால் அவர் மகனுக்கு வக்கீலாகிவிடுவார். எதிர்ப்பக்கத்தின் கதை முழுவதையும் கேட்ட பிறகு பேசும் அம்மா வேறு ஆளாக இருப்பார்.

நடத்தக் கற்பவர் இதை இரண்டு மூன்று நாள் பயிற்சியில் நாடகமாக ஆடிப் பார்க்கிறார். ஒருவர் திருடனாக, ஒருவர் கடைக்காரராக, ஒருவர் கடைக்காரரின் மனைவியாக. விளையாட்டாகத் தொடங்கும் ஆட்டத்தில் திருடனாக நடிப்பவருக்கே முகம் சிவந்துபோவது பயிற்சியாளர்களுக்குப் பழகிய காட்சி. கற்பவர் முதலில் தடுமாறுவது மௌனத்தில். 'அப்போது என்ன நினைத்தாய்' என்று கேட்டுவிட்டு, பத்து விநாடி பதில் வராவிட்டால் கை பரபரக்கும். 'பயமாக இருந்திருக்கும், இல்லையா?' என்று தானே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவார். பையன் தலையாட்டுவான். அந்தப் பதில் அவனுடையதே அல்ல. அடுத்த தடுமாற்றம், யோசனை சொல்வது. உடைந்த வேலியை யார் கட்டித் தருவது என்று இரு பக்கமும் திணறிக்கொண்டிருக்கும்போது, 'சனிக்கிழமை வந்து கட்டிக்கொடுக்கலாமே' என்று சொல்லத் துடிக்கும் நாக்கை அடக்குவது எளிதல்ல. அதைவிடப் பெரியது உபதேசம். காவலர், ஆசிரியர், பாதிரியார் மாதிரி பேசிப் பழகியவர்களுக்கு இது தீராத வியாதி.

அட்டையில் எழுதப்படாத வேலைதான் அதிகம். கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரையும் அவரவர் இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் கேட்கப்போகும் அதே கேள்விகளை அங்கேயே கேட்டு, அவர்கள் சொல்லப்போவது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். யாரை அழைத்துவர விரும்புகிறார்கள் என்று கேட்க வேண்டும். பையன் யாருடைய முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுவானோ அவர்தான் பெரும்பாலும் வரவேண்டியவர். யார் எந்த நாற்காலியில் என்று முன்கூட்டியே படம் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அடித்தவனும் அடிபட்டவரும் அடுத்தடுத்து உட்கார நேர்ந்தால் கூட்டம் தொடங்கும் முன்பே கெட்டுவிடும். கண்ணைத் துடைக்கக் காகிதம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒருவர் அழும்போது நடத்துபவர் எழுந்து அதை எடுத்துக்கொண்டு போய் நீட்டினால், அது அழுகையை நிறுத்தச் சொல்வதாகிவிடும். இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு இரண்டு வாரத் தயாரிப்பு என்றால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

பிறகு டீ. ஒப்பந்தம் வாய்மொழியாக முடிந்ததும், அதை எழுதிக்கொண்டு வருகிறேன், அதுவரை ஏதாவது சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு நடத்துபவர் ஒதுங்கிக்கொள்கிறார். எழுத ஐந்து நிமிடம் போதும். அவர் வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொள்கிறார். கையில் கோப்பையோடு நிற்கும்போது கடைக்காரர் பையனிடம் எந்த வகுப்பு படிக்கிறாய் என்று கேட்பார். அந்தக் கால் மணி நேரத்தில் நடப்பதை எந்தக் கேள்வியாலும் வரவழைக்க முடியாது. மாவோரிக் கூட்டங்களில் சாப்பாடு சடங்கின் ஒரு பகுதி. வாகா வாகா வழியாக வந்த தாளிலும் அது பிஸ்கட் தட்டாகச் சுருங்கித் தப்பிப் பிழைத்திருக்கிறது. எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த சாமான் அந்தத் தட்டுதான்.

1994-ல் ஓ'கானலுக்கு சர்ச்சில் நல்கை கிடைத்தது. ஆஸ்திரேலியர்கள் வெளிநாடு போய்க் கற்றுவருவதற்கான பணம் அது. அவர் கற்றதைவிடக் கற்பித்ததுதான் அதிகமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் அவர் பேச்சைக் கேட்டவர்களில் டெட் வாக்டெல் ஒருவர். பென்சில்வேனியாவில் 1977 முதல் மனைவி சூசனோடு சேர்ந்து, பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட, வழக்குகளில் சிக்கிய பிள்ளைகளுக்காக நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தவர். தாங்கள் பல ஆண்டாகத் தட்டுத்தடுமாறிச் செய்துவந்ததற்கு இங்கே ஒரு வடிவம் இருக்கிறதே என்று அவருக்குப் பட்டது. அவர் தொடங்கிய பயிற்சி இயக்கம் சார்ஜண்டின் கேள்விகளை அச்சேற்றியது, கையேடு வந்தது, பயிற்சியாளர்களைப் பயிற்றும் வகுப்புகள் வந்தன. அது பிற்பாடு அதே மாநிலத்தின் பெத்லகேம் என்ற ஊரில் பட்டமேற்படிப்பு தரும் கல்வி நிறுவனமாகவே வளர்ந்தது. ஒரு நாட்டுப்புறக் காவல் நிலையத்தின் நடைமுறை இப்போது விலை போட்டு விற்கக்கூடிய பொருள். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. அச்சில் ஏறாமல் இருந்திருந்தால் அது மரம்பிட்ஜி ஆற்றைத் தாண்டியிருக்காது என்பதும் உண்மை.

இங்கிலாந்தில் அதை வரவேற்றவர் தேம்ஸ் வேலி காவல்துறையின் தலைவர் சார்லஸ் பொல்லார்ட். 1990களின் நடுவில் ஐல்ஸ்பரி என்ற ஊரில் சோதித்துவிட்டு, 1998 ஏப்ரலிலிருந்து தன் எல்லை முழுவதும் கொண்டுவந்தார். எச்சரிக்கை கொடுக்கும் ஒவ்வொரு அதிகாரியும் இனி கேள்வித் தாளோடுதான் உட்கார வேண்டும். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த காரலின் ஹோய்ல், ரிச்சர்ட் யங், ராட்ரிக் ஹில் மூவரும் அறைக்குள் உட்கார்ந்து, நடப்பதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நடத்தக் கற்றுக்கொள்வது பற்றி இதைவிட நேர்மையான ஆவணம் குறைவு.

அவர்கள் கண்டது இது. தாள் கையில் இருக்கிறது. முதல் கேள்வியும் தாளில் உள்ளபடியே வருகிறது. பையன் பதில் சொல்லத் தொடங்கியதும் சில அதிகாரிகளுக்குள் இருக்கும் துப்பறிவாளர் விழித்துக்கொள்கிறார். வேறு யார் கூட இருந்தார்கள்? இதற்கு முன்னால் செய்திருக்கிறாயா? போதைப் பழக்கம் உண்டா? விசாரணை முடிந்துபோன வழக்கில் விசாரணை மறுபடி தொடங்குகிறது. பாதிக்கப்பட்டவர் சொல்ல வேண்டியதை அதிகாரியே சொல்லிவிடுகிறார். ஆய்வாளர்கள் இடைக்கால முடிவுகளைக் காவல்துறையிடம் கொடுத்தார்கள், பயிற்சி திருத்தப்பட்டது, அடுத்த சுற்றில் நிலைமை கணிசமாக மேம்பட்டது. கேள்வியை மனப்பாடம் செய்ய ஒரு நாள் போதும், பழைய தொழிலின் குரலை விட ஆண்டுகள் ஆகும் என்பதற்கு அந்தப் பதிவுகளே சாட்சி.

காலி நாற்காலிதான் அந்த ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பு. மூன்று ஆண்டுகளில் பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து உட்கார்ந்த கூட்டங்கள் 1,915. வராமல் போன எச்சரிக்கைகள் 12,065. அந்தப் பன்னிரண்டாயிரத்தில் அவர் சார்பில் அதிகாரியே பேசினார். அட்டையின் மறுபக்கம் பெரும்பாலான நேரம் வாசிக்கப்படவே இல்லை என்று அர்த்தம். தயாரிப்புக்கு நேரமில்லாத காவல் நிலையத்தில் முதலில் வெட்டுப்படுவது கடைக்காரரின் வீட்டுக்கு நடக்கும் அந்த நடைதான்.

இது வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்க முயன்றவர்கள் கான்பெராவில் இருந்தார்கள். லாரன்ஸ் ஷெர்மனும் ஹீதர் ஸ்ட்ராங்கும் 1995 முதல் 2000 வரை, வழக்குகளைச் சீட்டுக் குலுக்குவது போல நீதிமன்றத்துக்கும் கூட்டத்துக்கும் பிரித்து அனுப்பி ஒப்பிட்டார்கள். வன்முறைக் குற்றம் செய்த இளையோரிடம் நல்ல மாற்றம்: நீதிமன்றம் போனவர்களோடு ஒப்பிட்டால் நூறு பேருக்கு ஆண்டுக்கு 38 குற்றங்கள் குறைவு. கடைகளில் திருடிய பிள்ளைகளிடம் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களிடம் குற்றம் சற்றுக் கூடவே செய்தது. என் கணிப்பு: குடிபோதை வழக்கில் எதிர் நாற்காலியில் முகம் என்று ஒன்று இல்லை. யார் அடிபட்டார்கள் என்ற கேள்விக்கு, 'நல்லவேளை யாரும் இல்லை' என்பதுதான் பதில். அந்தப் பதிலுக்குப் பிறகு அட்டையால் செய்யக்கூடியது அதிகமில்லை. மன்னிப்பைப் பற்றியும் ஸ்ட்ராங் கணக்கெடுத்தார். கூட்டத்துக்கு அனுப்பப்பட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு மன்னிப்பு கிடைத்தது. நீதிமன்றத்துக்குப் போனவற்றில் 19 சதவீதம் பேருக்கு.

ஓ'கானல் இந்தக் கேள்விகளைப் போகக்கூடாத இடத்துக்கும் கொண்டுபோனார் என்று சிலர் நினைத்தார்கள். சிட்னிப் பகுதியில் 1994-ல் பீட்சா கடை ஒன்றில் கொள்ளையடிக்க வந்தவர்கள் அங்கே வேலை பார்த்த பதினெட்டு வயதுப் பையனைச் சுட்டுக் கொன்றார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பையனின் பெற்றோரும் நண்பர்களும் குற்றவாளிகளில் இருவரும் சிறைக்குள் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தார்கள். நடத்தியவர் ஓ'கானல். 1999-ல் அது ஆவணப்படமாக ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் வந்தது. அங்கே சமாதானமோ கைகுலுக்கலோ நடந்துவிடவில்லை. அப்பாவின் கோபம் அப்படியே இருந்தது. பயிற்சி வகுப்புகளில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். அதில் கவனிக்க வேண்டியது நடத்துபவர் எவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்பதுதான்.

இந்த முறை உலகெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தபோது சொந்த மாநிலத்தில் அதன் கதை வேறு. இளையோரை அழைத்து உட்கார வைக்கும் வேலையைப் போலீஸ் செய்யலாமா என்ற கேள்வி நியூ சவுத் வேல்ஸில் சூடு பிடித்தது. ஹாரி பிளாக் போன்ற குற்றவியலாளர்கள், ஆஸ்திரேலியப் பழங்குடிகளுக்குப் போலீஸோடு இருக்கும் வரலாற்றை நினைவூட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன சீருடையின் முன்னால் ஒரு பழங்குடிப் பையன் மனம் திறந்து பேசுவான் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? இந்த வாதத்துக்கு எதிர்வாதம் எளிதல்ல. 1997-ல் வந்த இளம் குற்றவாளிகள் சட்டம் கூட்டங்களைக் காவல்துறையிடமிருந்து எடுத்து இளையோர் நீதித் துறையிடம் கொடுத்தது. நடத்துபவர்கள் ஊரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியரோ, குடும்பத்தலைவியோ, சமூக சேவகரோ, பயிற்சி பெற்று, கூட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு செய்யலாம். வாகா வாகாவில் சார்ஜண்ட் உட்கார்ந்த நாற்காலியில் இனி சார்ஜண்ட் உட்கார முடியாது. ஓ'கானலுக்கு இது பிடிக்கவில்லை என்பதை அவர் மறைத்ததில்லை.

பள்ளிக்குள் நுழைந்த கதை 1994-ல் குயின்ஸ்லாந்தில் தொடங்குகிறது. மரூச்சிடோர் என்ற கடற்கரை ஊரின் உயர்நிலைப் பள்ளியில் நடன விழாவுக்குப் பிறகு நடந்த அடிதடி ஒன்றைத் தீர்க்க, மார்கரெட் தார்ஸ்போர்ன் என்ற ஆலோசகர் வாகா வாகா முறையைக் கையில் எடுத்தார். பள்ளியில் தினமும் தகராறு நடக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரத் தயாரிப்பு நடக்கிற காரியமா? அதனால் கூட்டம் உரையாடலாகச் சுருங்கியது, உரையாடல் வராந்தாவில் ஐந்து நிமிடமாகச் சுருங்கியது, தாள் சட்டைப்பை அட்டையாகச் சுருங்கியது. சுருங்கியதில் ஒரு லாபம்: கத்துவதற்கு வாய் திறந்த ஆசிரியர் கையில் ஐந்து கேள்விகள் வந்து சேர்ந்தன. நஷ்டம், பிள்ளைகள் படுவேகமாகக் கற்றுக்கொள்வார்கள். எந்தக் கேள்விக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு எந்தப் பதிலைச் சொன்னால் சீக்கிரம் விடுவார்கள் என்பது மூன்றாவது தடவைக்குள் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆசிரியர் பதிலைக் கேட்கிறாரா, அட்டையை வாசிக்கிறாரா என்பதும் தெரிந்துவிடும்.

கனடாவில் நடந்ததுதான் இந்தப் பயணத்தின் வேடிக்கையான திருப்பம். அங்கே யூக்கான் பகுதியின் பூர்வகுடிகள், கையில் ஓர் இறகையோ கல்லையோ வைத்திருப்பவர் மட்டும் பேசும் வட்டங்களை முன்பே நடத்திக்கொண்டிருந்தார்கள். பாரி ஸ்டூவர்ட் என்ற நீதிபதி 1992-ல் தண்டனை முடிவு செய்வதற்கே அந்த வட்டத்தை நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்திருந்தார். அதே பத்தாண்டின் பின்பாதியில் கனடாவின் மத்தியக் காவல்படை, வாகா வாகா தாளை ஊர் ஊராகக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. மாவோரிகளிடமிருந்து ஆஸ்திரேலியப் போலீஸுக்குப் போய், வடிகட்டி அச்சடிக்கப்பட்ட ஒன்று, பூர்வகுடி முறை என்ற பெயரோடு வேறொரு பூர்வகுடியின் வாசலுக்கு வந்து நின்றது. ஹுவான் டாவ்ரி என்ற மாவோரிக் குற்றவியலாளர் இதைப் பல கட்டுரைகளில் கடுமையாகச் சாடியிருக்கிறார். நியூசிலாந்தின் குடும்பக் கூட்டமே மாவோரி வழக்கம் என்று சொல்லிக்கொள்வது மிகை, அது அரசாங்கத்தின் முறைக்கு மாவோரி வண்ணம் பூசியது. அதைப் பொதி கட்டி உலகச் சந்தையில் விற்பது அடுத்த கட்டம் என்பது அவர் குற்றச்சாட்டு. அட்டையை மதிப்பவர்களும் படிக்க வேண்டிய கட்டுரைகள் அவை.

நியூசிலாந்திலேயே மாவோரி நீதிபதிகள் சிலருக்கும் குடும்பக் கூட்டம் போதவில்லை. 2008-ல் ஹீமி தாவ்மாவுனு என்ற நீதிபதி, கிஸ்போர்ன் நகரின் மராயே ஒன்றில் இளையோர் நீதிமன்றத்தை அமர்த்தினார். ரங்கதாஹி நீதிமன்றம் என்று பெயர். அதன் பிறகு வேறு ஊர்களிலும் வந்தது. குடும்பக் கூட்டத்தில் போட்ட திட்டத்தைப் பையன் நிறைவேற்றுகிறானா என்று அங்கே பார்க்கிறார்கள். நீதிபதியின் பக்கத்தில் ஊர்ப் பாட்டன்களும் பாட்டிகளும் உட்கார்ந்திருப்பார்கள். வரவேற்புச் சடங்கும் சாப்பாடும் உண்டு. தன் மலை எது, ஆறு எது, குலம் எது, யார் வழி வந்தவன் என்பதைப் பையன் மாவோரி மொழியில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். நகரத்தில் வளர்ந்த பலருக்கு அது தெரியாது. வீட்டில் கேட்டும், பெரியவர்களிடம் உட்கார்ந்தும் கற்றுக்கொண்டு வருகிறார்கள். திருடிய காரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.